டெபுடி கலெக்டர் மடித்த காகிதம்

ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பில், கல்யாணப் பத்திரிகை, பிட் நோட்டீஸ், எதுவானாலும் சரி. இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிடாதீர்கள். மிச்சத்தையும் படிக்க வேண்டும்!

காகிதம் அநேகமாக நீளவாக்கில்தான் இருக்கும். ஒரு மூலையைப் பிடித்து, குட்டையான ஓரம் நீளமான ஓரத்தின் மேல் சரியாகப் படுக்கும்படி மடியுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் பட்டையைக் கிழித்து எறிந்துவிடுங்கள். பிரித்தால் சதுரம். அதே மடிப்பில் மறுபடி மடித்தால் முக்கோணம். நீளமான பக்கம் மேலே, கூர்முனை கீழே வரும்படி பிடியுங்கள். மேல்மூலைகள் இரண்டையும் கொஞ்சம் சாய்வாகக் கீழே மடித்துவிட்டால் காதுகள். கீழ்முனையைத் துளி மேலே மடித்தால் மூக்கு. பேனாவால் இரண்டு புள்ளி வைத்தால் கண்.

நாய் ரெடி. குரைக்காது, சாப்பாடு கேட்காது.

பூனை வேண்டுமா? அதே முக்கோணத்தைக் கூர்முனை மேலே இருக்கும்படி பிடித்து, ஓர மூலைகள் இரண்டையும் மேல்நோக்கி மடித்து, நடுமுனையைக் கீழே இறக்கி, திருப்பிப் பாருங்கள். பூனை.

வீட்டில் குழந்தை இருந்தால் இந்நேரம் உங்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கும். ஓடட்டும். நாம் பேச வேண்டியது வேறு. இந்த ஒரு நிமிஷத்தில் நீங்கள் என்னென்ன செய்திருக்கிறீர்கள் தெரியுமா? ஸ்கேல் இல்லாமல் ஒரு நேர்கோடு போட்டீர்கள். மடிப்பு என்பது நேர்கோடு. காம்பஸ் இல்லாமல் ஒரு செங்கோணத்தைச் சரிபாதியாக வெட்டினீர்கள். முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள் சமம் என்றால் அவற்றுக்கு எதிரே உள்ள கோணங்களும் சமம் என்ற தேற்றத்தை, 'தேற்றம்' என்ற வார்த்தையைக் கேட்டுப் பயப்படாமலேயே கண்ணால் பார்த்துவிட்டீர்கள். ஒரு மூலை இன்னொரு மூலையின் மேல் பிசகாமல் உட்கார்ந்தது, அவ்வளவுதான் நிரூபணம்.

நான் பி.காம். படித்தவன். இடது பக்கமும் வலது பக்கமும் டேலி ஆனால் கணக்கு சரி என்று மட்டும் தெரியும். காகிதத்தை மடிப்பதும் கிட்டத்தட்ட அதே சமாசாரம்தான் என்பதால் தைரியமாக இறங்குகிறேன்.

'ஓரிகாமிதானே, ஜப்பான்காரன் கலைதானே' என்பீர்கள். பெயர் ஜப்பானியப் பெயர்தான், சந்தேகமில்லை. 'ஓரி' என்றால் மடிப்பது, 'காமி' என்றால் காகிதம். ஆனால் இந்தக் குழந்தை விளையாட்டை எடுத்து, அதற்குள் இருக்கிற ஜியோமிதியை வரிசையாக அடுக்கி, கனமான கணிதப் புத்தகமாக எழுதி, உலகத்துப் பேராசிரியர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தவர் டோக்கியோவில் பிறந்தவரல்ல. கும்பகோணம் காலேஜில் படித்த ஒரு ரெவின்யூ டிபார்ட்மெண்ட் ஆசாமி.

பெயர், தண்டலம் சுந்தர ராவ்.

1853-ல் பிறந்தவர். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1874-ல் பி.ஏ. முடித்தார். கணிதம்தான் பாடம். படித்து முடித்து அந்தக் காலத்துப் பட்டதாரிகள் போகிற வழியிலேயே போனார்: சர்க்கார் உத்தியோகம். மெட்ராஸ் மாகாண வருவாய்த் துறையில் தாசில்தார், பிறகு டெபுடி கலெக்டர். வரி வசூலிப்பதற்குத் தமிழில் 'தண்டல்' என்று பெயர். தண்டல் வேலை பார்த்தவருக்குத் தண்டலம் என்று ஊர்ப்பெயர் அமைந்தது தற்செயல்தான். என்றாலும் ரசிக்கலாம்.

அந்த உத்தியோகம் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஜமாபந்தி, பட்டா, சிட்டா, அடங்கல், கிஸ்தி பாக்கி, மேலிடத்துத் தாக்கீது, கீழிடத்து மனு. ஒரு காலத்தில் கணக்கெல்லாம் ஓலையில் இருந்தது. 19-ம் நூற்றாண்டில் மெல்ல மெல்லக் காகிதத்துக்கு மாறியது. ஆக, காகிதத்துக்குப் பஞ்சமே இல்லாத ஆபீஸ் ரெவின்யூ ஆபீஸ்! அங்கே காகிதத்தை மடிப்பார்கள், கட்டுவார்கள், பரண்மேல் போடுவார்கள். இந்த மனுஷர் மட்டும் மடித்துவிட்டு, மறுபடி பிரித்து, விழுந்த கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

1893-ல் சென்னை அடிசன் கம்பெனி வெளியீடாக அவருடைய ஆங்கிலப் புத்தகம் வந்தது. 'காகித மடிப்பில் ஜியோமிதிப் பயிற்சிகள்' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். அட்டையில் பெயரை 'ராவ்' என்று உச்சரிக்கும்படி போடாமல், வெள்ளைக்காரர்கள் 'ரோ' என்று படிக்கும்படியான ஸ்பெல்லிங்கில் போட்டுக்கொண்டார். இன்றைக்கும் வெளிநாட்டுப் புத்தகங்களில் அவர் 'சுந்தர ரோ'தான்.

புத்தகத்தில் நாயும் கிடையாது, பூனையும் கிடையாது. ஆனால் நாயும் பூனையும் எதிலிருந்து வருகிறதோ, அந்தச் சதுரத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார். கோணல்மாணலான ஒரு துண்டுக் காகிதத்திலிருந்து சுத்தமான சதுரம் எடுப்பது எப்படி? முதல் அத்தியாயமே அதுதான். அடுத்து சமபக்க முக்கோணம். பிறகு ஐங்கோணம், அறுகோணம், எண்கோணம் என்று போய் பதினைந்து பக்கம் வரை வருகிறார். கருவி என்று பார்த்தால் ஒரு பேனாக்கத்தியும் சில காகிதத் துண்டுகளும் போதும்.

நடுவில் ஒரு அத்தியாயம் தொடர்வரிசைகளைப் பற்றியது. ஒரு சதுரத்தைப் பாதியாக மடி. அந்தப் பாதியைப் பாதியாக்கு. அதிலும் பாதி. அரை, கால், அரைக்கால், வீசம் என்று கூட்டிக்கொண்டே போனால் எவ்வளவு வரும்? வாய்பாட்டைத் தேட வேண்டாம். காகிதத்தைப் பார்த்தால் போதும். எத்தனை மடித்தாலும் மொத்தம் அந்த ஒரு காகிதத்தைத் தாண்டாது, ஆனால் நெருங்கிக்கொண்டே இருக்கும். காலேஜில் இதை மாய்ந்து மாய்ந்து மனப்பாடம் செய்தவர்களுக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருக்கும்.

கடைசி அத்தியாயங்களில் பரவளையம், நீள்வட்டம் எல்லாம் வருகின்றன. மடிப்பு நேர்கோடுதான் என்று சொன்னேனே, அதில் வளைவு எப்படி வரும்? செய்துதான் பாருங்கள். காகிதத்தின் கீழ் ஓரத்துக்குச் சற்று மேலே ஒரு புள்ளி வையுங்கள். கீழ் ஓரம் அந்தப் புள்ளியைத் தொடும்படி மடித்துப் பிரியுங்கள். ஓரத்தின் வேறொரு இடம் தொடும்படி இன்னொரு மடிப்பு. இப்படி இருபது முப்பது மடிப்பு போட்ட பிறகு விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால், நேர்கோடுகளுக்கு நடுவே ஒரு வளைவு தெளிவாகத் தெரியும். டிஷ் ஆன்டெனாவை நடுவில் வெட்டினால் தெரிகிற அதே வளைவு. பரவளையம்!

இந்த யோசனை அவருக்கு எங்கிருந்து வந்தது? முன்னுரையில் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார்: குழந்தைகளின் கிண்டர்கார்ட்டன் பெட்டியிலிருந்து. 'எட்டாவது பரிசு' என்று அந்தப் பெட்டிக்குப் பெயர். உள்ளே ஒரு பக்கம் மட்டும் வண்ணம் பூசிய 200 சதுரக் காகிதங்கள், மடிப்பதற்கு ஒரு பட்டை, செய்முறைப் படங்கள். இதற்குப் பின்னால் ஒரு ஜெர்மன்காரர் இருக்கிறார்.

ஃப்ரெட்ரிக் ஃப்ரோபல். வனத்துறை வேலை பழகினார், பெர்லினில் தாதுக்கல் அருங்காட்சியகத்தில் உதவியாளராக இருந்தார். படிகக் கற்களைப் பார்த்துப் பார்த்து, இயற்கைக்குள் ஒழுங்கான வடிவம் இருக்கிறது, குழந்தை அதை விளையாடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டது. 1837-ல் சின்னக் குழந்தைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கி, 1840-ல் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயர் வைத்தார். குழந்தைகளின் தோட்டம். நாம் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்கிறோமே, அதிலுள்ள 'கே.ஜி.' இதுதான். ஃபீஸ் மட்டும் அப்போது இவ்வளவு இல்லை.

ஃப்ரோபல் கல்வியில் ஒரே காகிதத்துக்கு மூன்று வேலை. பறவை, படகு என்று நிஜ உலகப் பொருள்களை மடிப்பது ஒன்று. பூக்கோலம்போல அழகுக்காக மடிப்பது இன்னொன்று. வடிவக் கணக்குக்காக மடிப்பது மூன்றாவது. முதல் இரண்டும் உலகம் முழுக்கப் பிரபலமாயின. மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைசி வரை போய்ப் பார்த்தவர் நம் டெபுடி கலெக்டர்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். ஜப்பானில் காகித மடிப்பு பழசுதான். 1797-லேயே கியோட்டோவில் கொக்கு மடிப்பதற்கென்று தனிப் புத்தகம் வந்திருக்கிறது. ஒரே தாளில் வெட்டி, மூக்கும் வாலும் ஒட்டிக்கொண்டிருக்கிற கொக்குக் கூட்டங்கள், மொத்தம் 49 மாதிரி. ஆனால் 1876-ல் டோக்கியோவில் முதல் கிண்டர்கார்ட்டன் திறந்தபோது, ஃப்ரோபலின் பாடங்கள் அங்கேயும் போய் இறங்கின. இன்றைக்கு உலகம் 'ஓரிகாமி' என்று வாங்குகிற, ஒரு பக்கம் கலராக இருக்கும் சதுரத்தாள் ஐரோப்பாவிலிருந்து இப்படிப் போனதுதான் என்று காகித மடிப்பின் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். ஸ்பெயினில் இதற்கெல்லாம் சம்பந்தமில்லாமல் ஒரு காகிதப் பறவை வீட்டுக்கு வீடு பறந்துகொண்டிருந்தது. உனாமுனோ என்ற பெரிய தத்துவவாதி 1902-ல் தன் நாவலின் பின்னிணைப்பாக அந்தப் பறவையைப் பற்றி ஒரு கிண்டல் 'விஞ்ஞானமே' எழுதி வைத்தார்.

நம்மூரில்? கோயில் திருவிழாத் தோரணத்தில் தொங்குகிற குருத்தோலைக் கிளியை நினைத்துப் பாருங்கள். தென்னங்குருத்தைக் கீறி, மடித்து, சொருகி, அரை நிமிஷத்தில் கிளி செய்துவிடுகிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மழை வந்தால் கப்பல், கத்திக் கப்பல். மடிப்பது நமக்கு யாரும் வந்து சொல்லிக்கொடுத்த வித்தை இல்லை. அதை யாராவது உட்கார்ந்து எழுதிவைத்தார்களா என்பதுதான் கேள்வி. சுந்தர ராவ் எழுதிவைத்தார்.

சரி, எழுதியவர் கதி என்ன ஆயிற்று? இங்கே ஒன்றும் ஆகவில்லை. வெளியே ஆயிற்று.

ஜெர்மனியின் காட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஃபெலிக்ஸ் க்ளைன் என்று ஒரு கணித ஜாம்பவான். அவர் 1895-ல் பள்ளி ஆசிரியர்களுக்காக ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அதில், ஜெர்மனியில் ஒருவர் காகிதம் மடித்து வடிவங்கள் செய்து காட்டியதைச் சொல்லிவிட்டு, கிட்டத்தட்ட அதே நேரத்தில் மெட்ராஸைச் சேர்ந்த சுந்தர ராவ் என்பவர் அதே யோசனையை இன்னும் விரிவாக எழுதியிருப்பதாகக் குறிப்பிட்டார். க்ளைனின் புத்தகத்தை பீமன், டேவிட் யூஜின் ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் 1897-ல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள். மொழிபெயர்க்கும்போது இந்த மெட்ராஸ் பெயர் கண்ணில் பட்டது. புத்தகத்தைத் தேடிப் பிடித்தார்கள். படித்தார்கள். 1901-ல் சிகாகோவின் ஓப்பன் கோர்ட் நிறுவனம் அதன் அமெரிக்கப் பதிப்பை வெளியிட்டது. கோட்டுப் படங்களுக்குப் பதிலாக, நிஜமாகவே மடித்த காகிதங்களைப் போட்டோ எடுத்துப் போட்டார்கள். 1966-ல் நியூயார்க்கின் டோவர் கம்பெனி மலிவுப் பதிப்பாக மறுபடி அச்சடித்தது. இன்றைக்கு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

சுந்தர ராவ் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடவில்லை. ஒரு கோணத்தை மூன்று சம பங்காக்குவது அவருக்குத் தோராயமாகத்தான் வந்தது. கனமூலத்தை மடிப்பால் கண்டுபிடிக்க முடியாது என்கிற மாதிரி எழுதியிருந்தார். 1936-ல் மார்கரீட்டா பெலோக் என்ற இத்தாலியப் பெண் கணிதவியலாளர் 'முடியும்' என்று காட்டினார். இரண்டு புள்ளிகளை இரண்டு கோடுகளின் மேல் ஒரே சமயத்தில் உட்கார வைக்கிற ஒற்றை மடிப்பு. ஸ்கேலும் காம்பஸும் 2000 வருஷமாகச் செய்ய முடியாத காரியத்தைக் காகிதம் செய்துவிட்டது! அந்த வழியில்தான் பிறகு மற்றவர்கள் போனார்கள். அகிரா யோஷிஸாவா மிருகங்களுக்கு உயிர் கொடுத்தார். ராபர்ட் லாங் என்ற அமெரிக்க இயற்பியல்காரர், எத்தனை கால், எத்தனை கொம்பு வேண்டும் என்று சொன்னால் சதுரத்தில் எங்கே மடிக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரையே கணக்குப் போட வைத்தார். கோரியோ மியூரா கண்டுபிடித்த மடிப்பில் சுருக்கிவைத்த சோலார் பேனல் 1995-ல் ஜப்பானிய விண்கலத்தில் ஏறி, மேலே போய் விரிந்தது.

இப்போது ஊருக்கு வருவோம். ரெவின்யூ டிபார்ட்மெண்டுக்கும் கணிதத்துக்கும் இந்த மண்ணில் என்னவோ ஒரு பூர்வஜென்ம பந்தம். 1910. பாண்டிச்சேரியும் இல்லாமல் சேலமும் இல்லாமல் நடுவில் தென்பெண்ணைக் கரையில் இருக்கிற திருக்கோவிலூர். அங்கே டெபுடி கலெக்டர் வி.ராமசாமி ஐயர். இந்தியக் கணிதக் கழகத்தை 1907-ல் ஆரம்பித்தவர். அவரைத் தேடி வேலையில்லாத ஓர் இளைஞர் வந்தார். கையில் நோட்டுப் புத்தகங்கள். ஒரு குமாஸ்தா வேலை கிடைத்தால் தேவலை என்பதுதான் கோரிக்கை. ஐயர் நோட்டைப் புரட்டினார். இப்படிப்பட்டவரைத் தாலுகா ஆபீஸ் கடைநிலை நாற்காலியில் உட்கார வைப்பது பாவம் என்று முடிவு செய்தார். வேலை தரவில்லை. சென்னையிலிருந்த கணிதக்காரர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்த இளைஞர் கடைசியில் போய்ச் சேர்ந்தது ராமச்சந்திர ராவிடம். அவரும் கணிதப் பித்து. அவர் பார்த்த வேலை? நெல்லூர் கலெக்டர்!

இளைஞர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. சீனிவாச ராமானுஜன்.

அன்றைக்குத் தென்னாற்காடு ஜில்லாவில் இருந்த திருக்கோவிலூர், 2019-ல் பிறந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இப்போது இருக்கிறது. அதே மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் கல்வராயன் மலை. கள்ளக்குறிச்சி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இன்று முதலில் ஞாபகம் வருவது 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததுதான். கல்வராயன் மலை என்றால் சாராய ஊறல் என்று எழுதியே பழக்கமாகிவிட்டது, என்னைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்த மலை 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது என்பதையும், சுதந்திரம் வந்து சுமார் 30 வருஷம் கழித்துத்தான் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது என்பதையும் எத்தனை பேர் எழுதினோம்? 2024 சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்து, மலைமக்களுக்கு ரோடு உண்டா, பள்ளி உண்டா, ஆஸ்பத்திரி உண்டா என்று கேட்க வேண்டியிருந்தது.

மலைமேல் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. ஜியோமிதி பாக்ஸை அரசாங்கம் இலவசமாகவே தருகிறது. நல்ல காரியம். ஆனால் பாக்ஸ் கொடுத்தால் ஜியோமிதி வந்துவிடுமா? சின்ன வகுப்புகளில் செயல்வழிக் கற்றல் என்று 2007 வாக்கில் மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தார்கள். அட்டைகள், விளையாட்டு, பாட்டு. ஆனால் எட்டு, ஒன்பது என்று மேலே போகப் போக விளையாட்டு நின்றுவிடுகிறது. தேற்றம், கொடுக்கப்பட்டது, நிரூபிக்க வேண்டியது, நிரூபணம், ஐந்து மார்க். மலையிலும் அதே, மயிலாப்பூரிலும் அதே. மயிலாப்பூர்ப் பிள்ளைக்கு டியூஷன் இருக்கிறது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

சுந்தர ராவ் தன் புத்தகத்தை யாருக்காக எழுதினார் தெரியுமா? பள்ளிக்கூடம், காலேஜ் பாடத்துக்கு உதவியாக. கூடவே, சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் மலிவான, சுவாரசியமான பொழுதுபோக்காக. 'மலிவு' என்பதை முக்கியமாக நினைத்திருக்கிறார் அந்த டெபுடி கலெக்டர். கிராமம் கிராமமாக வரிக்கணக்குப் பார்த்தவருக்கு, ஒரு பித்தளை காம்பஸ் எந்த வீட்டில் இருக்கும், எந்த வீட்டில் இருக்காது என்பது தெரிந்திருக்கும்.

அவருடைய இரண்டாவது அத்தியாயத்தில் இருக்கிற ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பழைய கேள்வித்தாள் ஒன்று போதும். சதுரமாக்கிக்கொள்ளுங்கள். இடது ஓரத்தை வலது ஓரத்தின் மேல் வைத்துப் பாதியாக மடித்துப் பிரியுங்கள். நடுவில் செங்குத்தாக ஒரு கோடு விழுந்திருக்கும். இப்போது கீழே இடது மூலையை விரலால் அழுத்திக்கொண்டு, கீழே வலது மூலையைத் தூக்கி, அந்த நடுக்கோட்டின் மேல் எங்கே உட்காருகிறதோ அங்கே உட்கார வையுங்கள். மடிப்பு இடது மூலை வழியாகப் போக வேண்டும். வலது மூலை உட்கார்ந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் பிரியுங்கள். அந்தப் புள்ளியையும் கீழ்மூலைகள் இரண்டையும் சேருங்கள். சமபக்க முக்கோணம். மூன்று பக்கமும் ஒரே அளவு, மூன்று கோணமும் 60 டிகிரி. அளந்து பார்க்க வேண்டுமானால் இலவச பாக்ஸில் கோணமானி இருக்கிறது.

ஏன் மூன்று பக்கமும் சமம்? இடது மூலையிலிருந்து புள்ளிக்கு உள்ள தூரம், சதுரத்தின் கீழ் ஓரமேதான், மடிந்து போய் அங்கே படுத்தது. புள்ளி நடுக்கோட்டில் இருப்பதால், இரண்டு மூலைகளுக்கும் அதிலிருந்து ஒரே தூரம். ஐந்து மார்க்கும் இதிலேயே வந்துவிட்டது.

புத்தகத்தில் இன்னும் 12 அத்தியாயங்கள் பாக்கி இருக்கின்றன.